ஒன்ராறியோவில் ஹீட் பம்ப் தகராறு செய்தால்: மெக்கானிக்கை அழைக்கும் முன் பார்க்க வேண்டியவை

ரொறன்ரோ, பிராம்ப்டன், ஏஜாக்ஸ், ஒட்டாவா என்று நம்மவர்கள் வீடு வாங்கும் ஊர்களில் இப்போது ஹீட் பம்ப் பரவலாக வந்துவிட்டது. வெளியில் நிற்கும் பெட்டியைப் பார்த்தால் ஏசி போலத்தான் இருக்கும். கோடையில் வீட்டைக் குளிர்விக்கும். குளிர்காலத்தில் அதே பெட்டி வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவரும். நல்ல கருவிதான். ஆனால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பொருத்துகிறவர்களும் சொல்வதில்லை, வீட்டை விற்கிறவர்களும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் முதல் குளிர்காலம் முழுவதும் இதோடு மல்லுக்கட்டினோம். கரண்ட் பில் எகிறியது. வந்து பார்த்த ஒருவர் கம்ப்ரஸர் போய்விட்டது என்றார், இன்னொருவர் முழுக்கருவியையும் மாற்றச் சொன்னார். கடைசியில் பார்த்தால், பொருத்திய நிறுவனம் தெர்மோஸ்டாட்டில் ஓர் அமைப்பைச் சரிசெய்யாமல் விட்டுப் போயிருந்தது. அதைத் திருத்த ஒரு பைசா செலவில்லை. இதே நிலையில் தவிக்கிற வேறு குடும்பங்களையும் பார்த்துவிட்டதால், தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் பாருங்கள்; செலவில்லாதவை முன்னால் இருக்கின்றன.

1. உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

இது தெரியாமல் மேலே போக முடியாது. ஒன்ராறியோ வீடுகளில் பெரும்பாலும் மூன்று வகை.

பேஸ்மென்ட்டில் கேஸ் ஃபர்னஸும் வெளியே ஹீட் பம்ப்பும் சேர்ந்து இருப்பது ஒன்று. இதை ஹைப்ரிட் என்பார்கள். ஓரளவு குளிர் வரை ஹீட் பம்ப் ஓடும், கடுங்குளிரில் ஃபர்னஸ் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, கேஸே இல்லாமல் முழுக்க மின்சாரத்தில் ஓடுவது. இதில் உள்ளே இருக்கும் காற்றுப் பெட்டிக்குள் 5, 10 அல்லது 15 கிலோவாட் மின்சூடாக்கிகள் துணைக்கு இருக்கும். பிரேக்கர் பெட்டியில் இதற்கென்று பெரிய இரட்டை பிரேக்கர் ஒன்று தனியாக இருக்கும். மூன்றாவது, சுவரில் மாட்டிய ஸ்பிளிட் வகை.

எந்த வகை என்று தெரிந்ததும் போனை எடுத்து வெளிப்பெட்டி, உட்பெட்டி இரண்டின் பெயர்ப்பலகையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண், தொடர் எண், எந்தக் குளிர்வாயு (குழாய்க்குள் சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் வாயு) என்ற மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். பழையவற்றில் ஆர்-410ஏ இருக்கும், புதிய கருவிகளில் ஆர்-32 அல்லது ஆர்-454பி. போனில் பேசும்போதே இதைச் சொன்னால் வருகிறவர் சரியான கருவிகளோடு வருவார்.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள்: கருவி உங்களுக்குச் சொந்தமா, வாடகையா? ஒன்ராறியோவில் ஃபர்னஸ், சுடுநீர்த் தொட்டி, ஹீட் பம்ப் எல்லாவற்றையும் மாத வாடகைக்குத் தருகிற வழக்கம் உண்டு. வீடு வாங்கியபோது வக்கீல் கொடுத்த பத்திரங்களில் வாடகைக் கருவிகளின் விவரம் இருக்கும். வாடகைக் கருவி என்றால், பெரும்பாலான ஒப்பந்தங்களில் பழுது பார்ப்பது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. ஒப்பந்தத்தைப் படிக்காமல் வெளியாளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்துவிடாதீர்கள்.

2. பயமுறுத்தும், ஆனால் கோளாறு இல்லை

சர்வீஸுக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை இவற்றுக்காகத்தான்.

வென்ட்டில் வரும் காற்று கையில் சூடாகத் தெரியாது. ஃபர்னஸ் காற்று 50 டிகிரிக்கு மேல் வரும். ஹீட் பம்ப் காற்று 32 முதல் 40 டிகிரி வரைதான். நம் உடல் சூடே 37 என்பதால் கையை வைத்தால் வெதுவெதுப்பாகவோ, சற்றுக் குளிர்ச்சியாகவோகூடத் தோன்றும். கையை நம்ப வேண்டாம். அறையின் வெப்பநிலை தெர்மோஸ்டாட்டில் வைத்த அளவில் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும். இன்வெர்ட்டர் கருவி, அதாவது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை, மெதுவாகத் தொடர்ந்து ஓடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. நிற்காமல் ஓடுவது நல்லது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று நின்று ஓடுவதுதான் சந்தேகப்பட வேண்டியது.

வெளிப்பெட்டியிலிருந்து புகை வருகிறது என்று பதறுவார்கள். அது நீராவி. வெளியே குளிரும் ஈரப்பதமும் சேர்ந்திருக்கும் நாட்களில் வெளிச்சுருளில் வெள்ளையாக உறைபனி படியும். அதைக் கரைக்கக் கருவி சில நிமிடங்கள் தலைகீழாக ஓடும். அதற்குப் பெயர் டிஃப்ராஸ்ட். அப்போது வெளி மின்விசிறி நிற்கும், 'உஸ்' என்று பெரிய சத்தம் வரும், ஆவி கிளம்பும், உள்ளே கொஞ்சம் குளிர்ந்த காற்றுகூட வரலாம். பெரும்பாலும் 5 முதல் 10 நிமிடங்களில் முடிந்துவிடும். மைனஸ் 20 டிகிரியைவிட, சுழியத்தை ஒட்டிய ஈரமான நாட்களில்தான் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் கடுங்குளிர்க் காற்றில் ஈரம் குறைவு.

மெல்லிய வெண்பனி இருந்தால் சரி. பெட்டி முழுக்க, மேலே விசிறி வரை, தடித்த ஐஸ் கட்டி சில மணி நேரமாகியும் கரையவில்லை என்றால் அது சரியில்லை. 5-ஆம் பகுதிக்குப் போங்கள்.

3. தெர்மோஸ்டாட்: பில் எகிறுவதற்கு முதல் காரணம்

இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். பணம் வீணாவது இங்கேதான்.

முதலில், திரையில் 'எமர்ஜென்சி ஹீட்' என்று இருக்கிறதா பாருங்கள். கடுங்குளிர் நாளில் வீட்டில் யாராவது "சீக்கிரம் சூடாகட்டும்" என்று இதை அழுத்திவிட்டு மறந்திருப்பார்கள். இதில் வைத்தால் ஹீட் பம்ப் ஓடவே ஓடாது, துணைச் சூடாக்கி மட்டும்தான் ஓடும். சாதாரண 'ஹீட்' நிலைக்கு மாற்றுங்கள்.

அடுத்தது 'ஆக்ஸ் ஹீட்'. இது துணைச் சூடாக்கி தானாக வேலை செய்வதைக் காட்டுவது. மைனஸ் 20-இல் வந்தால் நியாயம். மைனஸ் 2-இல் அடிக்கடி வந்தால் ஏதோ தப்பு. கணக்கைப் பாருங்கள்: 10 கிலோவாட் சூடாக்கி 6 மணி நேரம் ஓடினால் 60 யூனிட். மைனஸ் 8 டிகிரி வாக்கில் நல்ல ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் இரண்டரை யூனிட் வெப்பம் தரும் என்பதால், அதே சூட்டை அது 24 யூனிட்டில் கொடுத்துவிடும். மாதம் முழுவதும் இந்த வித்தியாசம் சேர்ந்தால் பில் என்னவாகும் என்று யோசியுங்கள்.

திரையை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு ஒரு நல்ல வழி, மின்நிறுவனத்தின் இணையக் கணக்கு. ரொறன்ரோ ஹைட்ரோ, அலெக்ட்ரா, எலெக்ஸிகான், ஹைட்ரோ ஒன் எதுவாக இருந்தாலும் மணிவாரியாக எவ்வளவு செலவானது என்று காட்டும். எல்லோரும் தூங்கும் இரவு 2 மணி, 3 மணிக்கான அளவைப் பாருங்கள். அது 2, 3 யூனிட்டில் இருந்தால் ஹீட் பம்ப் ஓடியிருக்கிறது. திடீரென்று 10, 12 என்று தாவியிருந்தால் துணைச் சூடாக்கி ஓடியிருக்கிறது. அந்த இரவின் வெளி வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் காட்ட இதைவிட நல்ல சான்று கிடையாது. (வீட்டில் மின்கார் சார்ஜ் ஏறினால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.)

ஆக்ஸ் தேவையில்லாமல் ஓடுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று நம் பழக்கம். ஃபர்னஸ் காலத்தில் இரவில் 16-க்கு இறக்கிக் காலையில் 21-க்கு ஏற்றுவது சிக்கனம். ஹீட் பம்ப்பில் அது எதிராகப் போகும். ஒரேயடியாக 5 டிகிரி ஏற்றச் சொன்னால், ஹீட் பம்ப் தனியாகச் சமாளிக்காது என்று நினைத்துத் தெர்மோஸ்டாட் ஆக்ஸைக் கூப்பிடும். ஓர் அளவில் வைத்து விட்டுவிடுங்கள். இறக்கத்தான் வேண்டுமென்றால் ஒன்று, ஒன்றரை டிகிரிக்கு மேல் வேண்டாம்.

மற்றொன்று, பொருத்தியவர்கள் வைத்துவிட்டுப் போன அமைப்பு. ஈகோபீ என்ற தெர்மோஸ்டாட்டில் கம்ப்ரஸர் ஓடக்கூடிய குறைந்தபட்ச வெளி வெப்பநிலை, ஆக்ஸ் ஓடக்கூடிய அதிகபட்ச வெளி வெப்பநிலை என்று இரண்டு அளவுகள் இருக்கும். நெஸ்ட் தெர்மோஸ்டாட்டிலும் இதேபோல வரம்பு வைக்கும் இடம் உண்டு. மைனஸ் 25 வரை ஓடக்கூடிய கருவியைச் சுழியத்திலேயே நிறுத்தும்படி வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். உங்கள் கருவியின் கையேட்டில் எவ்வளவு குளிர் வரை ஓடும் என்று போட்டிருக்கும்; அதைப் பார்த்து அளவை இறக்குங்கள். ஹைப்ரிட் வீடானால் கேஸ் விலை, மின்விலை இரண்டையும் பார்த்து எந்த வெப்பநிலையில் மாறுவது லாபம் என்று நீங்களே தீர்மானிக்கலாம். இப்போதிருக்கும் அளவுகளைப் படம் எடுத்துக்கொண்டு மாற்றுங்கள், தேவைப்பட்டால் பழையபடி வைக்கலாம்.

மின்கட்டணத் திட்டத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த விலை தரும் திட்டத்தில் இருந்தால், வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை விலை மிக அதிகம். நம் வீடுகளில் அடுப்பு எரிவதும் அந்த நேரத்தில்தான். 4 மணிக்கு முன்பே ஒரு டிகிரி கூட்டி வைத்துவிட்டால் அந்த ஐந்து மணி நேரம் கருவி குறைவாக ஓடும்.

கடைசியாக, ஹீட்டில் வைத்தால் குளிர்காற்றும் கூலில் வைத்தால் சூடான காற்றும் வருகிறதா? அண்மையில் தெர்மோஸ்டாட் மாற்றியிருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அது ஓ/பி அமைப்பு (சூடாக்குவதா குளிர்விப்பதா என்று திசைமாற்று வால்வுக்குச் சொல்வது) தலைகீழாக இருப்பதுதான். பெரும்பாலான நிறுவனங்களின் கருவிக்கு 'ஓ', ரீம், ரூட் கருவிகளுக்கு 'பி'. அமைப்புகளுக்குள் போய் மாற்றினால் முடிந்தது.

4. காற்று ஓட வழி இருக்கிறதா?

ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரியவில்லையென்றால் மாற்றுங்கள். ஒரு அங்குல ஃபில்டர் என்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். தினமும் தாளிப்பு, வாரத்தில் இரண்டு நாள் பொரியல், வெள்ளிக்கிழமை சாம்பிராணி என்று இருக்கிற வீட்டில் மூன்று மாதம் தாங்காது. மாதம் ஒருமுறை பாருங்கள். அளவு ஃபில்டரின் ஓரத்திலேயே அச்சாகி இருக்கும். அம்புக்குறி காற்று போகும் திசையை, அதாவது கருவியை நோக்கி இருக்க வேண்டும்.

விலை கூடியது நல்லது என்று நினைத்து மெர்வ் 13 (மெர்வ் எண் கூடக்கூட ஃபில்டர் நுண்ணிய தூசியையும் பிடிக்கும்) வாங்கி ஒரு அங்குல இடத்தில் போடுகிறவர்கள் உண்டு. அது காற்றை இறுக்கிப் பிடிக்கும், ஹீட் பம்ப்புக்குக் காற்றோட்டம் குறைந்தால் சூடும் குறையும். மெர்வ் 8 போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பொருத்தியவரிடம் கேட்டுப் போடுங்கள்.

சுவர் ஸ்பிளிட் வைத்திருப்பவர்கள், அதுவும் சமையலறைக்குப் பக்கத்தில் இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்மூடியைத் திறந்து வலையைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவைத்துப் போடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டினால் சாதாரணமாகத் துடைத்துப் போகாது. வலையைத் தாண்டி உள்சுருளிலும் பிசுக்கு ஏறிவிட்டால் ஆள் வைத்துத்தான் கழுவ வேண்டும். சமைக்கும்போது அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறியைப் போடுங்கள், அது வெளியே போகும் வகையா, காற்றை உள்ளேயே சுற்றிவிடும் வகையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் இல்லாத அறைகளின் வென்ட்டை மூடினால் மிச்சம் என்பது ஹீட் பம்ப்புக்குப் பொருந்தாது. திறந்து வையுங்கள். காற்றைத் திரும்ப இழுக்கும் பெரிய வென்ட்டுக்கு முன்னால் சோபாவோ அரிசி மூட்டையோ இருந்தால் நகர்த்துங்கள்.

இதையெல்லாம் செய்தபின் ஒரு சோதனை. சமையல் தெர்மோமீட்டர் ஒன்று போதும். கருவி 15 நிமிடம் ஓடியபின், ஆக்ஸ் ஓடாத நேரத்தில், சூடான காற்று வரும் வென்ட்டிலும் காற்றை இழுக்கும் வென்ட்டிலும் அளந்து பாருங்கள். சூடாக்கும்போது வித்தியாசம் பொதுவாக 8 முதல் 17 டிகிரிக்குள் இருக்கும். வெளியே குளிர் கூடினால் குறையும். கோடையில் குளிர்விக்கும்போது 8 முதல் 11. வெளிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தும் வித்தியாசம் ஒன்று, இரண்டு டிகிரிதான் என்றால், குளிர்வாயுவிலோ திசைமாற்று வால்விலோ பிரச்சினை. அது மெக்கானிக் வேலை.

5. வெளிப்பெட்டியில் பனியும் ஐஸும்

அக்டோபர் முடிவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏசிப் பெட்டிக்கு உறை போட்டு மூடுவார்கள். அதைப் பார்த்து நீங்கள் ஹீட் பம்ப்பை மூடாதீர்கள். குளிர்காலத்தில் ஓட வேண்டியதே அந்தப் பெட்டிதான். புதிதாக வந்தவர்களில் நிறையப் பேர் இதைச் செய்கிறார்கள்.

பனி பெய்தபின் நடைபாதையைத் தள்ளும்போதே பெட்டியைச் சுற்றியும் தள்ளிவிடுங்கள். எவ்வளவு இடம் வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். பக்கங்களில் 30 சென்டிமீட்டர், காற்று வெளியேறும் பக்கம் 60-க்குக் குறையாமல் விட்டால் நல்லது. பெட்டி தரையிலேயே உட்கார்ந்திருந்தால் ஸ்டாண்ட் வைத்து உயர்த்தச் சொல்லுங்கள். டிஃப்ராஸ்ட் தண்ணீர் கீழே வடிந்து உறைந்து, ஐஸ் அடியிலிருந்து ஏறிக்கொண்டே வரும். கூரைத் தண்ணீர் பெட்டி மேல் சொட்டினால் பீலியைச் சரிசெய்யுங்கள். உறைமழை நாட்களில் அந்தச் சொட்டு ஒன்றே விசிறியை நிறுத்திவிடும்.

ஐஸ் கட்டிவிட்டதா? தெர்மோஸ்டாட்டில் நிறுத்துங்கள். கடுங்குளிர் இல்லாத பகல் நேரத்தில் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கரையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். கத்தி, சுத்தியல், மண்வெட்டி எதுவும் வேண்டாம். சுருளின் அலுமினியத் தகடு காகிதம் மாதிரி, ஒரு குத்தில் குளிர்வாயு போய்விடும். வழியில் போடும் உப்பையும் போடாதீர்கள், அரித்துவிடும். கரைத்தபின் ஓடவிட்டு, மறுபடி தடித்த ஐஸ் கட்டினால் டிஃப்ராஸ்ட் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். வெப்ப உணரி, கட்டுப்பாட்டுப் பலகை, வால்வு, குளிர்வாயுக் குறைவு இவற்றில் ஒன்றாக இருக்கும். ஆளைக் கூப்பிடுங்கள்.

6. ஓடவே இல்லையென்றால்

பிரேக்கர் பெட்டியில் வெளிப்பெட்டிக்கும் உட்பெட்டிக்கும் தனித்தனி பிரேக்கர் இருக்கும். விழுந்திருந்தால் முழுக்க அணைத்து, ஒருமுறை போடுங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், திரும்பத் திரும்பப் போடுவது ஆபத்து. அப்புறம் ஃபர்னஸ் பக்கத்துச் சுவரில் விளக்கு சுவிட்ச் மாதிரி ஒன்று இருக்கும். பேஸ்மென்ட் விளக்கு என்று நினைத்து அதை அணைத்துவிட்டு வீடு குளிர்ந்துபோன கதைகள் நிறைய. ஃபர்னஸின் முன்கதவு சரியாக மூடாவிட்டாலும் உள்ளிருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் ஓடவிடாது. எல்லாம் சரியானபின் ஐந்து நிமிடம் பொறுங்கள்; கம்ப்ரஸர் தன்னைக் காத்துக்கொள்ளச் சற்றுத் தாமதித்துத்தான் கிளம்பும்.

கோடையில் திடீரென்று நின்றால் தண்ணீர் வடியும் குழாயைப் பாருங்கள். அடைத்துக்கொண்டால் மிதவை சுவிட்ச் கருவியை நிறுத்திவிடும். வெள்ளை வினிகர் ஒரு கோப்பை ஊற்றி அரை மணி நேரம் விட்டால் பாசி பெரும்பாலும் இளகும்.

குளிர்காலத்தில் பல மணி நேரம் மின்வெட்டு ஆகிவிட்டுத் திரும்பி வந்தால், உடனே ஹீட் பம்ப்பை ஓட்ட வேண்டாம். கம்ப்ரஸரின் அடியில் எண்ணெயைச் சூடாக வைத்திருக்க ஒரு சிறு சூடாக்கி உண்டு. மின்சாரம் இல்லாதபோது அதுவும் நின்றிருக்கும். சில மணி நேரம் எமர்ஜென்சி ஹீட்டில் வைத்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். எவ்வளவு நேரம் என்பது கையேட்டில் இருக்கும். இதே காரணத்தால், "மிச்சம் பிடிக்கலாம்" என்று குளிர்காலத்தில் வெளிப்பெட்டியின் பிரேக்கரை அணைத்து வைக்கவும் கூடாது.

வெளிப்பெட்டியில் ரீங்காரம் கேட்கிறது, விசிறி சுற்றவில்லை என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். யூட்யூப் பார்த்து மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே 240 வோல்ட். மின்சாரத்தை அணைத்தபிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கருகல் வாசனை வந்தால் பிரேக்கரை அணையுங்கள். கேஸ் வாசனை வந்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ எதையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து 911-ஐ அழையுங்கள்.

7. யாரை அழைப்பது, என்ன கேட்பது

ஒன்ராறியோவில் குளிர்வாயுவைத் தொடுகிறவருக்கு ஓ.டி.பி. அட்டை (குளிர்வாயுவைக் கையாளப் பயிற்சி பெற்றதற்கான அட்டை) இருக்க வேண்டும். குளிர்பதன மெக்கானிக் லைசென்ஸின் எண் 313ஏ. வீட்டு ஏசிக்கு மட்டுமானது 313டி. கேஸ் ஃபர்னஸைத் திறக்கிறவருக்கு ஜி2 அல்லது ஜி1 சான்று வேண்டும், அவர் வேலை செய்யும் நிறுவனம் மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.-வில் பதிவாகியிருக்க வேண்டும். புதிதாக மின்கம்பி இழுக்கும் வேலையென்றால் மின்பாதுகாப்பு அமைப்பான ஈ.எஸ்.ஏ.-வின் உரிமம் பெற்ற மின்ஒப்பந்தக்காரர் வேண்டும். தெரிந்த பையன், கோவிலில் பார்த்த அண்ணன் என்றாலும் கேளுங்கள். லைசென்ஸ் உள்ளவர் கோபிக்க மாட்டார், காட்டுவார். லைசென்ஸ் இல்லாதவர் செய்த வேலையால் வாரண்டியும் போகலாம், வீட்டுக் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.

போனிலேயே கேட்க வேண்டியவை: வந்து பார்க்கக் கட்டணம் எவ்வளவு, அதில் எவ்வளவு நேர வேலை அடங்கும், பழுது பார்த்தால் அந்தக் கட்டணம் கழியுமா, இரவிலும் வார இறுதியிலும் எவ்வளவு கூடும். சொல்கிற விலையோடு 13 சதவீத எச்.எஸ்.டி. (விற்பனை வரி) சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

வந்தவர் "கேஸ் குறைந்திருக்கிறது, நிரப்பிவிடலாம்" என்றால் நிறுத்திக் கேளுங்கள். குளிர்வாயு பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் அடுத்த குளிர்காலத்தில் மறுபடி காசு. எங்கே கசிகிறது, எவ்வளவு எடை நிரப்பினார் என்ற இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். முழுக்கருவியையும் மாற்றச் சொன்னால், பிழைக் குறியீடு என்ன, எந்தப் பாகம், எப்படிச் சோதித்தார் என்று எழுதி வாங்கி இன்னொருவரிடம் காட்டுங்கள்.

கதவைத் தட்டி வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அழைக்காமல் வீட்டு வாசலில் ஃபர்னஸ், ஏசி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் போடுவது ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் தடை. "அரசாங்கத்திலிருந்து வருகிறோம், கருவியைச் சோதிக்க வேண்டும், பில்லைக் காட்டுங்கள்" என்பார்கள். காட்டாதீர்கள், உள்ளே விடாதீர்கள். நீங்களே அழைத்து வீட்டில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமென்றாலும் 10 நாட்களுக்குள் ரத்து செய்யும் உரிமை பொதுவாக உண்டு. வாடகைக் கருவியைக் காட்டி வீட்டுப் பத்திரத்தின் மேல் உரிமை பதிவு செய்யும் வழக்கத்தையும் மாகாண அரசு 2024-இல் தடைசெய்துவிட்டது. பழைய பதிவு ஏதாவது உங்கள் வீட்டின் மேல் இருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள்.

8. பத்திரங்கள், செலவு, நேரம்

ஒரு கோப்பில் இவை இருக்கட்டும்: வாங்கிய பில் (மாடல், தொடர் எண்ணோடு), வாரண்டிப் பதிவின் நகல், கையேடு, ஒவ்வொரு சர்வீஸ் பில்லும், மின்வேலைக்கான ஈ.எஸ்.ஏ. சான்று, வீட்டின் வெப்பத் தேவையைக் கணக்கிட்ட எஃப்280 அறிக்கை. கடைசியாகச் சொன்னது பலரிடம் இருக்காது. வீடு எப்போதும் சூடேறவில்லை, அல்லது கருவி நின்று நின்று ஓடுகிறது என்றால், கருவியின் அளவே வீட்டுக்குப் பொருந்தவில்லையா என்று அந்த அறிக்கையை வைத்துத்தான் வாதாட முடியும். புதிதாகப் பொருத்தப் போகிறவர்கள் முன்பணம் கொடுக்கும் முன்பே அதைக் கேளுங்கள்.

வாரண்டியில் ஒரு பொறி இருக்கிறது. பல நிறுவனங்கள், பொருத்திய 60 அல்லது 90 நாட்களுக்குள் இணையத்தில் பதிவு செய்தால் பாகங்களுக்கு 10 ஆண்டு என்றும், பதிவு செய்யாவிட்டால் 5 ஆண்டு என்றும் வைத்திருக்கின்றன. பொருத்தியவர் பதிவு செய்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள், தொடர் எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். கருவியோடு பழைய வீடு வாங்கினால் வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா, எத்தனை நாட்களுக்குள் மாற்ற வேண்டும் என்று நிறுவனத்திடம் கேளுங்கள். பாகத்துக்கு வாரண்டி இருந்தாலும் கூலி பெரும்பாலும் உங்கள் பொறுப்பு.

ரொறன்ரோ வட்டாரத்தில் நான் விசாரித்த அளவில், வந்து பார்க்க 120 முதல் 200 டொலர், கெப்பாசிட்டர் மாற்ற 200 முதல் 400, உணரி 250 முதல் 500, கட்டுப்பாட்டுப் பலகை 500 முதல் 1,200. கம்ப்ரஸர் என்றால் ஆயிரக்கணக்கில். அந்தக் கட்டத்தில் கருவியின் வயதையும் வாரண்டியையும் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். வருடாந்திர சர்வீஸ் 150 முதல் 250-க்குள் கிடைக்கும்.

சர்வீஸைச் செப்டம்பரிலோ ஏப்ரல், மே மாதங்களிலோ வைத்துக்கொள்ளுங்கள். முதல் கடுங்குளிர் வாரத்தில் எல்லோருடைய கருவியும் ஒரே நேரத்தில் படுக்கும், அப்போது ஆள் கிடைப்பதே கடினம். பாகம் வரவழைக்க வேண்டுமென்றால் இன்னும் தாமதமாகும்.

9. ஆள் வரும்வரை

எமர்ஜென்சி ஹீட் வேலை செய்தால் அதில் வைத்துவிடுங்கள். பில் ஏறினாலும் பரவாயில்லை, சில நாட்கள்தானே. அதுவும் இல்லையென்றால் கையில் தூக்கும் மின்சூடாக்கியை நேராகச் சுவர்ப் பிளக்கில் போடுங்கள், நீட்டுக்கம்பியில் வேண்டாம். 1,500 வாட் சூடாக்கி ஒன்றுக்கு 15 ஆம்பியர் சுற்று ஒன்று ஏறக்குறைய முழுதாக வேண்டும், ஆகவே ஒரே சுற்றில் இரண்டு போட்டால் பிரேக்கர் விழும். திரைச்சீலை, மெத்தையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்குகளின் கீழ்க்கதவைத் திறந்து வைத்துக் குழாயை நூல்போல ஒழுகவிடுங்கள், தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்காமல் இருக்கும். தண்ணீரின் பிரதான வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.

கேஸ் அடுப்பைப் பற்றவைத்து வீட்டைச் சூடாக்க வேண்டாம். பார்பிக்யூ அடுப்பையோ கரியையோ உள்ளேயோ கராஜிலோ எரிக்கவும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படுக்கையறைக்கு வெளியே இருக்கும் அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் அன்றே புதிது வாங்கி மாட்டுங்கள். சின்னக் குழந்தையோ வயதானவர்களோ இருந்து, வீட்டுக்குள் 15 டிகிரிக்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் காத்திருக்காமல் அன்றிரவு உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.